கூரையின் கீழ் வீடிலிகள்

மலைநாட்டுத் தோட்டங்களில் வீடற்றவர் எவரும் இலர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு வாதம். கொழும்பின் நடைபாதைகளிலும் புகையிரத நிலையங்களிலும் முதியோர் படுத்துறங்குவதைச் சுட்டிக்காட்டி, பசறையிலோ லுணுகலையிலோ மடுல்சீமையிலோ அத்தகைய காட்சியைக் காண முடியாது, தொழிலாளி பிறந்த நாள் தொட்டு இறக்கும் நாள்வரை தோட்டம் அவனுக்குக் கூரை அளிக்கின்றது என்று நிருவாகத்தினர் பெருமிதத்துடன் கூறுவர். தொழிற்சங்கத் தலைவர்களும் இதனைப் பெரிதாக மறுப்பதில்லை. லயம் மோசமானது என்பார்கள்; பழுதுபார்க்கப்பட வேண்டும், இடித்தெறியப்பட வேண்டும் என்றும் மேடைகளில் முழங்குவார்கள்; ஆனால் அதில் வாழ்வோர் வீடற்றோர் என்று சொல்ல மாட்டார்கள். குடிசன மதிப்பீட்டுப் படிவமும் லய அறையை ஒருவகை வீட்டு அலகாகவே பதிந்துகொள்கின்றது. நிருவாகமும் சங்கமும் அரசும் சச்சரவின்றி உடன்படும் விடயங்கள் மலையக வரலாற்றில் மிகச் சில. அவற்றுள் ஒன்று இது. அதனாலேயே இது ஐயத்துக்குரியது.

இவ்வாதத்தின் பிழை கூரையையும் வீட்டையும் ஒன்றெனக் கொள்வதில் தொடங்குகின்றது. மழை படாத இடம் கூரை. பிறரின் தயவை வேண்டாது, தனக்கென உரிமையுடன் இருந்து வாழவும் இறக்கவும் கூடிய இடமே வீடு. இவ்வரைவிலக்கணத்தை ஏற்பின், பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் வீடற்றோர் மிகப் பலர் என்பதும், அவருள்ளும் உழைத்து ஓய்ந்த முதியோரும் பெண்களுமே கடைநிலையில் உள்ளனர் என்பதும் பெறப்படும். முதுமையும் பெண்மையும் ஒருங்கே வாய்த்த கைம்பெண்ணின் நிலையோ சொல்லுந்தரமன்று.

லயம் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை நோக்குமிடத்து இந்நிலை வியப்பளிக்காது. கோப்பிக் காலத்தில், பருவத்துக்கு வந்து பருவம் முடியப் போகும் கூலிகளை மழைக்கு ஒதுக்கி வைப்பதற்கென எழுந்தவை இவ்வரிசைகள். கோப்பியை அழித்த இலைநோய் 1869ஆம் ஆண்டில் முதன்முதலாக இனங்காணப்பட்டது மடுல்சீமைப் பகுதியிலேயே. நோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது, தொழிலாளர் ஆண்டு முழுதும் தங்குபவராயினர், புகையிரதப் பாதை 1924இல் பதுளையைத் தொட்டது. லயம் மட்டும் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரட்டை வரிசையாயின் பின்வாசலும் கிடையாது. இங்கே கவனிக்க வேண்டியது அளவன்று. அளவைப் பற்றி எழுதியோர் பலர். இக்காம்பரா ஒரு மனிதருக்கன்று, ஒரு வேலைக்கு ஒதுக்கப்பட்டது என்பதே முதன்மையான செய்தி. பிரட்டுக்களத்தில் பேர் விழுகின்றவரைதான் காம்பராவில் இருப்பதற்கு நியாயம் உண்டு. பேர் நின்றபின், பேர் பதிந்த மகனின் தாயாகவோ மருமகளின் மாமியாராகவோ அங்கே இருக்கலாம். அதாவது இருப்பவர் என்ற நிலையிலிருந்து ஒட்டியிருப்பவர் என்ற நிலைக்கு இறங்கிவிடுகின்றார்.

இவ்விறக்கம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் வாழ்க்கைப் போக்கைக் கொண்டு விளக்கலாம். இளம் வயதில் தந்தையின் காம்பராவிலிருந்து மலைக்குச் செல்கின்றாள். மணமானதும் கணவனின் தோட்டத்துக்கு, கணவனின் தகப்பன் பேரில் உள்ள காம்பராவுக்குப் போகின்றாள். அவளுடைய சம்பளத்தைக் கணவனோ தந்தையோ கைநீட்டி வாங்கும் வழக்கம் பல தலைமுறையாக நிலவியது. ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவளுக்குக் கிடைத்தது 1984ஆம் ஆண்டிலேதான். அதுவும் வேலைநிறுத்தத்தின் பின். ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி பெண் 50 வயதில், ஆண் 55 வயதில் தன் நிதியை மீளப் பெறலாம். பெரும்பாலான குடும்பங்களில் அப்பணம் மகளின் திருமணத்துக்கும் மகனின் கடனுக்கும் போய்ச் சேர்கின்றது. கணவன் முன்னரே இறந்துவிட, மகன் கொழும்புக் கடையொன்றுக்குப் போய்விட, மகள் வேறு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுவிட, அவள் எஞ்சுகின்றாள். எத்தனையோ ஆயிரம் பெண்களின் சரிதம் இது.

சேவைக்காலப் பணம் இருக்கின்றதே என்பர். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், நாட்சம்பளத் தொழிலாளிக்குச் சேவைசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட்சம்பளம் எனக் கணக்கிடுகின்றது. 2021ஆம் ஆண்டில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா நாட்சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டால், முப்பது ஆண்டுகள் மலையேறியவளுக்கு 420,000 ரூபா சேரும். பதுளை நகரத்தின் எல்லையில் அத்தொகைக்கு ஒரு துண்டுக் காணி வாங்கமுடியுமா என்பதை அங்கு வாழும் விரிவுரையாளர்களே கூறட்டும். மேலும், அரசு வழங்கும் முதியோர் கொடுப்பனவு 70 வயதைக் கடந்த வறியோருக்கே உரியது. 2021ஆம் ஆண்டின் சட்டம் ஓய்வு வயதை 60 ஆக்கியது உண்மை. ஆயின் நனைந்த கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கிய முழங்கால்கள் சட்டத்தைப் படித்துத் தேய்வதில்லை. ஐம்பதில் ஓய்ந்தவள் இருபது ஆண்டுகளும், அறுபதில் ஓய்ந்தவள் பத்து ஆண்டுகளும் யாதொரு வருமானமுமின்றி, யாதோர் இடவுரிமையுமின்றிக் கழிக்க வேண்டியுள்ளது.

அந்த இடைவெளியைப் பிள்ளைகள் நிரப்புவார்கள் என்பது அடுத்த வாதம். தமிழ்ப் பண்பாடு, கூட்டுக் குடும்பம், பெற்றோரைப் பேணும் அறம் என்றெல்லாம் இதற்கு அணி சூட்டப்படும். இப்பண்பாட்டை எவரும் பழிக்க வேண்டியதில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் நன்றியற்றவர்கள் என்பது அபாண்டம். ஆனால் ஒரு காம்பராவில் மகனும் மருமகளும் மூன்று பிள்ளைகளும் படுக்கும்போது தாய் எங்கே படுப்பாள்? இஸ்தோப்பில், சாக்குப் படுதாவின் பின்னால். நமுனுகுலைப் பக்கத்து மார்கழிக் குளிரில் அது என்னவென்று அறிந்தவர்கள் பண்பாட்டைப் பற்றிச் சற்று அடக்கமாகவே பேசுவார்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் புறக்கணிக்கும் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோர வழிசெய்கின்றது. நல்ல சட்டம்தான். சொத்துடைய பிள்ளை இருக்கும் வர்க்கத்துக்கு நல்ல சட்டம். தோட்டத்திலோ அது வீடற்ற தாய் வீடற்ற மகன்மேல் தொடுக்கும் வழக்காகவே முடியும். இருவருக்கும் வீடு தராதவர் மன்றின் வெளியே நிற்பார்.

இளம் பெண்ணின் நிலை முதியவளின் நிலையிலிருந்து வேறுபட்டதன்று. அது அதன் முற்பகுதி மட்டுமே. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான், அடிக்கும் கணவனைப் பொது வசிப்பிடத்துள் நுழையாதிருக்கக் கட்டளையிடலாம். ஆனால் காம்பரா கணவனின் பேரில், அவனுடைய உறவினர் நிறைந்த வரிசையில், கம்பனியின் உடைமையாக இருக்கையில் அக்கட்டளையைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு பெண் எத்தனை இரவு அங்கே தங்குவாள்? தாய்வீடு போகலாம் என்றால், தாய்க்கும் வீடில்லை. மத்திய கிழக்குக்கும் கொழும்புக்கும் வீட்டு வேலைக்காகச் செல்லும் பெண்களின் முடிவுகளில் வறுமையோடு இதற்கும் பங்குண்டு. பிறர் வீட்டைத் துடைத்துத் திரும்பும் அவள் அனுப்பிய பணம் கணவன் வழிக் காம்பராவின் சீமெந்துத் தரையாகிக் கிடக்கும். தரை அவளுடையதன்று.

மலையக இலக்கிய முன்னோடி சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவல் ஒன்றுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். பொருத்தமான பெயர். எனினும் அந்த ஆண்பால் விகுதி தற்செயலானதன்று. மலையகத்தின் துயரைப் பேசிய எழுத்தும் ஆய்வும் அரசியலும் பெரும்பாலும் அவ்விகுதியிலேயே பேசின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை, அது கருத்திற்கொண்ட 975,000 மக்கள், 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் என நாடற்றோர் பிரச்சினைக்குப் பல்கலைக்கழக நூலகங்களில் அலுமாரிகள் உண்டு. அது வேண்டியதே. நாடற்றவள் என்ற நிலை சட்டத்தால் நீங்கிய பின்னரும் வீடற்றவளாகவே நின்ற முதியவளைப் பற்றிய பக்கங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையது. அவ்வுடன்படிக்கை குடும்பங்களைப் பிளந்தபோது இந்தியாவுக்குப் போன பிள்ளைகளின் பின்னால் இங்கே தங்கிய தாய்மார் பலர் தனியராயினர் என்பதையும் அப்பக்கங்கள் அதிகம் பொருட்படுத்தவில்லை.

பெண்ணைச் சொத்துரிமையின் பின்வரிசையில் நிறுத்துவதைத் தோட்ட நிருவாகம் மட்டும் செய்யவில்லை. அரச காணிகளில் மக்களைக் குடியேற்றிய 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு வரிசையில் ஒரே தரத்து உறவினருள் பெண்ணுக்கு முன் ஆணை வைத்தது. அது திருத்தப்பட்டது 2022ஆம் ஆண்டில். எண்பத்தேழு ஆண்டுகளின் பின். இத்தகைய சட்டத்தின் நிழலில் வளர்ந்த அலுவலகங்கள், தோட்டப் பெண்ணுக்கு வீடு வழங்கும் வேளையில் திடீரென வேறு கண்கொண்டு பார்க்குமென எதிர்பார்ப்பது பேதைமை. ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் ஒரு பெயர் எழுதவே இடமுண்டு. அது யாருடைய பெயராக இருக்குமென்பதை எழுத்தரிடம் கேட்க வேண்டியதில்லை.

மண் சரியும்போது இவ்வுண்மை வெளிப்படையாகின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அம்மலைச்சரிவு அபாயமானது என்று ஆண்டுகளுக்கு முன்பே கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. உயிர் தப்பியோருக்கு மாகல்தெனியவில் 75 வீடுகள் அமைந்தது 2016ஆம் ஆண்டில். அதுவரை இரண்டு ஆண்டுகள் பல குடும்பங்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் தடுப்புகளுக்கிடையே வாழ்ந்தன. கொழுந்து வாட்டும் மாடியில் கொழுந்து பறித்தோர் பரப்பி வைக்கப்பட்டனர். 2023ஆம் ஆண்டு மார்ச்சில் பூனாகலைக் கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது, மீண்டும் இடம்பெயர்வு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டபோது, பதுளை மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. வெளியேறுங்கள் என்ற எச்சரிக்கையைக் கேட்டும் முதியோர் வெளியேறுவதில்லை, அறியாமை என்று அதிகாரிகள் குறைகூறுவதுண்டு. அறியாமையன்று. ஒட்டியிருக்கும் இடத்தை ஒருமுறை விட்டால் திரும்பி ஒட்ட இடமிருக்குமா என்ற கணக்கு அது. அக்கணக்கில் அவர்கள் அதிகாரிகளை விடத் தேர்ந்தவர்கள்.

புதிய வீடமைப்புத் திட்டங்கள் வந்துள்ளனவே என்று கேட்கலாம். வந்துள்ளன, அவற்றைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடித் தனி வீடும் என்ற கொள்கை, லயத்தைத் தவிர வேறொன்றையும் கற்பனை செய்ய மறுத்த நூற்றைம்பது ஆண்டுகளோடு ஒப்பிடின் பெரும் பாய்ச்சலே. இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அவ்விரண்டாவது தொகுதியின் பயனாளிகள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு உரிமை ஆவணங்கள் வழங்கும் விழா 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடைபெற்றது. அறிவிப்புக்கும் அவ்விழாவுக்கும் இடையே எட்டு ஆண்டுகள். அறிவிப்பு நாளில் 62 வயதினளாயிருந்த பெண் விழா நாளில் 70 வயதினள், உயிரோடிருந்தால்.

தாமதத்தை விடப் பெரிய குறை தெரிவு முறையில் உள்ளது. லய அறைக்கு ஈடாகக் குடும்பத்துக்கு ஒரு வீடு. குடும்பமெனில் தோட்டத்தில் ஒருவரேனும் உழைக்கும் மணமான தம்பதியர். இவ்வாய்பாட்டில் ஓய்ந்த கைம்பெண் ஓர் அலகே அன்று. அவள் மகனின் அலகுக்குள் ஓர் உறுப்பு. மகன் இல்லாவிடின் அலகும் இல்லை. இரண்டு படுக்கையறை கொண்ட அவ்வீட்டின் படத்தில் அவளுடைய பாய் எங்கே விரியுமென்பதைப் படம் வரைந்தவர் கருதியதாகத் தெரியவில்லை. லயத்தில் இஸ்தோப்பில் கிடந்தவள் புதிய வீட்டில் அடுப்படியில் கிடப்பாள். இதனை முன்னேற்றம் என்று அளப்பதற்குச் சதுர அடி போதாது.

கம்பனிகளின் எதிர்வாதம் எளிமையானது. வேலை செய்யாதோருக்கு இடம் கொடுத்தால் வேலை செய்வோருக்கு இடமில்லை. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்றது தேயிலை பயிரிடவே, முதியோரைப் பராமரிக்கவன்று. இதில் பாதி உண்மையுண்டு: முதியோர் பராமரிப்பு அரசின் கடமை, கம்பனியினதன்று. ஆனால் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குச் சேவை செய்வதற்குத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டது. தோட்டம் தனியாரின் வீட்டு முற்றம் என்று கூறி அரசை வெளியே நிறுத்திய காலமெல்லாம் அதனால் இலாபமடைந்தோர், இன்று முற்றத்தில் மூதாட்டி நிற்கையில் அரசை நோக்கி விரல் நீட்டுவது விந்தை. வேலையோடு வீட்டைப் பிணைக்கும் இம்முறையை இங்கே கொண்டுவந்த பிரித்தானியரே தம் நாட்டில் அதனைத் தளர்த்தினர். பண்ணை முதலாளியின் குடிலில் வாழ்ந்த விவசாயத் தொழிலாளர், வேலை போனாலும் குடிலில் தொடர்ந்திருக்கும் உரிமையை 1976ஆம் ஆண்டின் சட்டத்தால் பெற்றனர். ஆங்கிலேயத் தொழிலாளிக்கு ஏற்றது அப்புத்தளைத் தொழிலாளிக்கு ஏன் ஒவ்வாது என்பதற்கு விடை தந்தவர் இலர்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். நீலகிரியில் டான்டீ எனப்படும் தமிழ்நாட்டு அரசின் தேயிலைக் கழகம், இலங்கையிலிருந்து திரும்பியோருக்கு வாழ்வளிக்கவே ஏற்பட்டது. ஊவா மலைகளை விட்டுப் போனோர் அங்கே மீண்டும் கொழுந்து பறித்தனர். ஓய்வுபெறும் வயதில் மீண்டும் குடியிருப்பைக் காலிசெய்யும் கேள்வியைச் சந்தித்தனர். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில், காட்டு நிலத்தின் குத்தகை 2028இல் முடியவிருந்த காரணத்தால் 2024இல் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு அளிக்கப்பட்டு, தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை விட்டு இறங்கும்படி சொல்லப்பட்டது. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். வேலைக்கு வீடு என்ற ஏற்பாடு எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் அதன் இறுதி அத்தியாயத்தில் ஒரு முதியவர் மூட்டையுடன் நிற்கின்றார். நாடும் சட்டமும் மாறியும் இக்காட்சி மாறவில்லை.

சங்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பளத்தில் கழிக்கப்படும் சந்தாவே சங்கங்களின் உயிர்நாடி. ஓய்ந்தோருக்குச் சம்பளமில்லை, ஆகவே சந்தாவில்லை, ஆகவே அவர்களுக்காக வேலைநிறுத்தமும் இல்லை. நாட்சம்பளத்துக்காக மாதக்கணக்கில் போராடிய சங்கங்கள், ஓய்ந்த பெண்ணின் இருப்பிட உரிமையைத் தம் கோரிக்கைகளின் தலைப்பில் வைத்ததாக நினைவில்லை. படித்தோரும் தப்ப முடியாது. லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த பட்டதாரி மேடையில் ‘லயத்துப் பிள்ளை’ எனப் பாராட்டப்படுகின்றான். அவனைப் பிள்ளைக் காம்பராவுக்குத் தூக்கிச் சென்ற பாட்டி இன்றும் அங்கேயே, வேறொருவரின் பேரில் இருக்கின்றாள் என்பது அப்பாராட்டுரையில் இடம்பெறுவதில்லை.

கேட்க வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. புதிய வீட்டின் உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பேரிலும் எழுதப்படல். தனித்து வாழும் பெண்ணையும் ஓய்ந்த முதியவரையும் தனி அலகாகக் கணித்தல். இத்தனை ஆண்டு சேவை செய்தவர் என்ற அடிப்படையில், பிரட்டுக்களத்தில் பேர் நின்ற பின்னும் இடவுரிமை நிலைத்தல். தனி அலகெனின் ஒவ்வொருவருக்கும் 550 சதுர அடி வேண்டுமென்பதில்லை. ஓர் அறையும் ஓர் அடுப்படியும் கழிப்பறையும் கொண்ட சிறு வீடுகள் நான்கைந்தைப் புதிய கிராமத்தின் நடுவே, பிள்ளைகளின் வீடுகளுக்கு அருகே கட்டலாம். எலி வளையானாலும் தனி வளை என்று ஊரார் சொல்வது வெறும் பேச்சன்று. நகரத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதைவிட இது மேல். மொழி தெரியாத இடத்தில், கோயில் மணி கேளாத இடத்தில் மூதாட்டியை ஒப்படைத்துவிட்டு அதனை நலன்புரி என்று அழைக்க வேண்டியதில்லை. பெண்ணின் பேரில் பத்திரம் எழுதினால் குடும்பம் கலையும் என்று அஞ்சுவோர், ஆணின் பேரில் எழுதிய காலமெல்லாம் எத்தனை குடும்பங்கள் கலையாதிருந்தன என்று சொல்லட்டும்.

காணியில்லை என்ற பதில் வரும். தேயிலை கைவிடப்பட்டுப் புல்லும் புதரும் மண்டிய மலைகள் பசறைப் பாதையின் இருமருங்கும் கண்ணுக்குத் தெரிகின்றன. அதே பாதையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்துக்கு நாள்தோறும் பேருந்தில் செல்வோர் அவற்றைப் பார்த்துக்கொண்டே செல்கின்றனர். டித்வாவின் பின் மீள்குடியேற்றத்துக்கெனத் தோட்டந்தோறும் எழுதப்படும் பட்டியல்களில் யார் யார் பெயர் உள்ளது, யாருடைய பெயர் இன்னொருவர் பெயரின் கீழ் ‘தாய்’ என்று மட்டும் குறிக்கப்பட்டுள்ளது என்பதை லயம் லயமாகச் சென்று ஒப்பிட்டுப் பார்க்க அம்மாணவருக்கு ஒரு விடுமுறை போதும். பட்டியல் முடிவானபின் அதனைத் திருத்துவது எளிதன்று.